மணலும் விரலும்

பள்ளிக்கூடத்தைக் குழந்தைகளுக்குச் சந்தோஷமான இடமாக மாற்றவேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால், கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "கணக்கில் ஏன் மூன்று மார்க் குறைந்தது?" என்று பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகுகிறார்கள். இந்த இரண்டு காரியங்களையும் ஒரே மனிதர் ஒரே மாலையில் செய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பாட்டுப் பாடிக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, அட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டே எழுத்துக் கற்பது, பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்வது ஆகியவையெல்லாம் நேற்றோ முந்தாநாளோ மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதுமைகள் என்று ஒரு சாரார் எண்ணுகிறார்கள். இன்னொரு சாரார், நம் முன்னோர்களின் திண்ணைப் பள்ளிக்கூடம் ஆனந்த நந்தவனமாக இருந்தது என்றும், வெள்ளைக்காரன் வந்து அதைக் கெடுத்துவிட்டான் என்றும் சாதிக்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு கட்சியாருக்கும் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் ஒரு சுவையான கதை கிடைக்கிறது. அந்தக் கதை ஒரு கோயில் வாசலில் தொடங்குகிறது.

1623-ஆம் ஆண்டு. பியத்ரோ தெல்லா வல்லே என்று ஓர் இத்தாலியப் பிரபு கன்னட நாட்டில், இக்கேரி ராஜ்யத்தில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அபூர்வமான மனிதர். காதலில் தோல்வியுற்று ரோமாபுரியை விட்டுக் கிளம்பியவர். பாக்தாத் நகரில் ஒரு பெண்ணைக் கண்டு மணந்துகொண்டவர். அவள் பாரசீகத்தில் இறந்துவிடவே, பதப்படுத்திய அவள் உடலைப் பெட்டியில் வைத்து, தாம் போன இடமெல்லாம் எடுத்துச் சென்று, கடைசியில் ரோமாபுரியில் கொண்டுபோய் அடக்கம் செய்தவர். அது ஒரு தனி நாவலுக்குப் போதும். இப்போது நமக்கு வேண்டாம்.

மூட்டை முடிச்சுகளைச் சுமையாட்கள் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், பொழுது போகாமல் இந்தப் பிரபு ஒரு கோயில் முகப்பில் போய் நின்றார். அங்கே நான்கு சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தரையெங்கும் மெல்லிய மணல் பரப்பியிருந்தது. ஒரு சிறுவன் எண் ஒன்றை ராகம் போட்டுப் பாடுவான். பாடிக்கொண்டே அதை விரலால் மணலில் எழுதுவான். மற்ற மூவரும் அதே ராகத்தில் பாடி அதே எண்ணை எழுதுவார்கள். பிறகு அடுத்த எண். தரை நிறைந்ததும் கையால் தடவி அழித்துவிட்டு, பக்கத்திலிருந்த சிறு குவியலிலிருந்து புது மணல் தூவிக்கொள்வார்கள். அங்கே உபாத்தியாயரும் இல்லை, பிரம்பும் இல்லை.

தெல்லா வல்லேக்கு வியப்பாயிருந்தது. "உங்களில் யாருக்காவது மறந்துபோனாலோ தப்பு வந்தாலோ யார் திருத்துவார்கள்?" என்று விசாரித்தார். நான்கு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் மறந்துபோவது நடக்கிற காரியமில்லை என்று பிள்ளைகள் பதில் சொன்னார்களாம். பிரபு அந்தப் பதிலில் இருந்த நியாயத்தைக் கண்டு மெச்சி, தம்முடைய கடிதத்தில் எழுதி ஊருக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றி நான் படித்த வர்ணனைகளில் இதைப்போல மனத்துக்கு இதமானது வேறில்லை. அந்த நாலு பயல்களும் யாரோ, எவரோ, பெயர் தெரியாது. அவர்கள் பாடியது மட்டும் நானூறு ஆண்டு தாண்டி நம் காதில் விழுகிறது.

அதற்கு எண்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, தமிழ்நாட்டில், தரங்கம்பாடியில், இன்னொரு வேடிக்கை நடந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டென்மார்க் அரசரின் ஆதரவில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தம் தோழர் புளூச்சோவுடன் அங்கே வந்து இறங்கினார். அவருக்கு அப்போது வயது இருபத்துநாலு. தமிழ் கற்றாகவேண்டும், அகராதியும் இல்லை, இலக்கணப் புத்தகமும் கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை ஏற்பாடு செய்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் நடத்தச் சொன்னார். குழந்தைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளைக்காரப் பாதிரிமார் இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தைகள் எழுதுகிறபடியே மணலில் விரலை வைத்து 'அ', 'ஆ' எழுதினார்கள். சட்டையும் கால்சராயும் போட்டவர்களுக்குத் தரையில் சம்மணம் போடுவதே ஒரு பெரிய பரீட்சை! வாத்தியாரும் பிள்ளைகளும் சிரிப்பை அடக்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று ஊகித்துப் பார்க்கலாம். ஆனால் இப்படி ஆரம்பித்தவர்தான் 1715-ஆம் ஆண்டுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து, அச்சிட்டும் முடித்தார்.

மணலில் அப்படி என்ன விசேஷம்? செலவு கிடையாது என்பது ஒன்று. ஏட்டில் எழுத்தாணியால் கீறுவது பெரியவர்களுக்கே சிரமமான வித்தை. ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு அது ஆகாது. ஆனால் அதைவிட முக்கியமானது வேறு. மணலில் தப்பாக எழுதினால் ஒரு தடவு தடவிவிடலாம். தப்பு அங்கே தங்குவதில்லை. காகிதத்தில் அது தங்கிவிடுகிறது. அதன்மேல் சிவப்பு மையும் விழுகிறது. அது வீட்டுக்கும் வருகிறது. பிறகு காது திருகலும் நடக்கிறது. குழந்தை பயப்படுவது பாடத்தைக் கண்டு அல்ல, தப்பைக் கண்டுதான். தப்பு உடனே அழிந்துவிடும் என்று தெரிந்தால் எதையும் எழுதிப் பார்க்கத் துணிவு வந்துவிடும்.

இதற்காகத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட நான் தயாராயில்லை. அதன் உள்விவகாரங்களை நன்றாகப் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். சென்னை ராஜதானிக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் ஓர் உத்தரவு போட்டார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன பாடம் என்று கணக்கெடுத்து அனுப்புங்கள் என்று. 1826-இல் கூட்டிப் பார்த்தபோது, 1 கோடியே 28 லட்சத்துச் சொச்சம் ஜனங்களுக்கு 12,498 பள்ளிக்கூடங்களும், அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தார்கள். வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால், படிக்கும் வயதுள்ள ஆண் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டக் கல்வி கிடைக்கிறது என்று மன்றோ மதிப்பிட்டார். தமிழ் ஜில்லாக்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாத பிள்ளைகள் என்பதும் அந்தக் கணக்கில் தெரிகிறது. பெண் குழந்தைகள் மிகமிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரம். இந்த அறிக்கைகளைத் தரம்பால் என்பவர் திரட்டி 1983-இல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது.

கலெக்டர்களில் பலர் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டார்கள். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் மட்டும் 1823-இல் விஸ்தாரமாக எழுதினார். பள்ளிக்கூடம் காலை ஆறு மணிக்கு. முதலில் வந்து சேருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி. நாலாமவனுக்கு இரண்டு. பிறகு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வருகிற பிள்ளையின் கதியை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவன் கோழி கூவுமுன் எழுந்ததற்குக் காரணம் கல்வியில் இருந்த ஆசையா, கையில் இருந்த ஆசையா?

சோம்பேறிப் பிள்ளைக்குப் பிரம்படி உண்டு. உத்தரத்தில் கயிறு கட்டி இரண்டு கைகளையும் தூக்கித் தொங்கவிடுவதும் உண்டு. நம் ஊரில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். ஓயாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லும் தண்டனையையும் காம்பெல் குறித்திருக்கிறார். மிகவும் நோவு தருவதுதான், ஆனாலும் ஒருவேளை உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். தோப்புக்கரணத்துக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வைத்தியச் சான்றிதழ் கொடுத்தது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பாடங்களைப் பற்றியும் அவர் நல்லபடி சொல்லவில்லை. பழைய செய்யுட்களைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள். அவர்களுக்கும் பொருள் தெரியாது, பல இடங்களில் வாத்தியாருக்கே தெரியாது என்றார். ஆனால் இரண்டு விஷயங்களை வாய்விட்டுப் பாராட்டினார். மிகச் சிக்கனமாக எழுதப் பழக்கும் முறை ஒன்று. முன்னே படித்தவன் பின்னே படிப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அதனால் தன் படிப்பையும் உறுதி செய்துகொள்ளும் முறை இன்னொன்று. இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்று முடித்தார்.

திண்ணைக்குள் சந்தோஷமே இல்லாமலும் இல்லை. உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய தம் சரித்திரத்தில், மாலையில் வீட்டுக்கு அனுப்புமுன் உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு ஒரு பூவின் பெயர், ஒரு பட்சியின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர் என்று சொல்லி அனுப்புவதையும், மறுநாள் அதை மறக்காமல் சொல்லவேண்டியிருந்ததையும் நினைவுகூர்கிறார். ஞாபகசக்திக்கு ஏற்பட்ட பயிற்சிதான். ஆனால் ஒரு சிறுவன் இருட்டுகிற நேரத்தில் வயல் வரப்பு வழியாக, "மகிழம்பூ, மீன்கொத்தி, மான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறான் என்று எண்ணிப் பாருங்கள். இரவு கனவில் அவை வராமலா இருக்கும்? நவராத்திரி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோலாட்டக் கழிகளைத் தட்டிப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கிடைக்கும் பணம் உபாத்தியாயருக்கு, குதூகலம் பிள்ளைகளுக்கு. எண்சுவடியும் ராகத்தோடுதான். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. இந்த நுணுக்கமான பின்னங்களையெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள் மனக்கணக்காகச் சொன்னார்கள் என்றால், அதற்குப் பிரம்பு பாதிக் காரணம், பாட்டு மறுபாதி.

இனி, கதை எழும்பூருக்கு வருகிறது.

1787-ஆம் ஆண்டில் ஆண்டுரு பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஸெயின்ட் ஆண்டுரூஸ் என்ற ஊரில் 1753-இல் பிறந்தவர். வாலிபத்தில் அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்குப் போய்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்து, புகையிலை வியாபாரமும் செய்தவர். சாமர்த்தியசாலி. சென்னைக்கு வந்ததும் ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியாராக நியமனம் பெற்று, எல்லாவற்றிலிருந்தும் சம்பளம் வாங்கினார். அதைச் சொன்னால் இதையும் சொல்லவேண்டும்: 1789-இல் எழும்பூரில், பழைய சிறு கோட்டை இருந்த இடத்தில், இறந்துபோன வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அநாதை விடுதியின் மேற்பார்வையை அவர் ஏற்றுக்கொண்டபோது, அதற்குக் கொடுக்க முன்வந்த சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனிதர்கள் இப்படித்தான்; ஒரு பக்கம் மட்டும் உள்ள மனிதரை நாவலில்கூட எழுத முடிவதில்லை.

விடுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளைச் சிப்பாய்க்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர்கள். இரண்டு சமூகத்தாரும் ஒதுக்கிய பிள்ளைகள். ஆசிரியர்களோ அவர்களிடம் நம்பிக்கையே இல்லாதவர்கள். எழுத்துக்களைக் கற்பிக்கவே மாதக்கணக்காயிற்று.

ஒருநாள் காலையில் பெல் குதிரைமேல் உலாவப் போனார். வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் கண்ணில் அது பட்டதும், குளியல் தொட்டியிலிருந்து கிளம்பி ஓடிய ஆர்க்கிமிடீஸைப்போல, "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று சொல்லிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினார். நல்லவேளையாக இவர் உடை உடுத்தியிருந்தார்.

அரிச்சுவடி வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டு, மணல் பரப்பிச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது. முடியாது என்று சொன்னாரோ, செய்ய மனமில்லை என்று சொன்னாரோ. உத்தியோகஸ்தர் பாஷையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பெல் யோசித்துப் பார்த்தார். பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று தீர்மானித்து, ஜான் பிரிஸ்கன் என்ற ஒரு சிறுவனை அழைத்து, "இனி இந்த வகுப்பு உன் பொறுப்பு" என்றார். பிரிஸ்கன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது எட்டு.

எட்டு வயது வாத்தியார் வகுப்பை எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். பெரியவர்களால் முடியாதென்று கைவிடப்பட்ட காரியம் நடந்துவிட்டது. அதைக் கண்ட பெல் மற்ற வகுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பையன்கள் வசம் ஒப்புவித்தார். பிரம்புக்குப் பதிலாக ஒரு கறுப்புப் புத்தகம் வைத்தார். குற்றங்களை அதில் எழுதி, வாரத்துக்கு ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் படிப்பார்கள். குற்றம் செய்தவன் விஷயத்தில் தீர்ப்புச் சொல்பவர்களும் பிள்ளைகளே. அடி மிகவும் குறைந்துபோயிற்று.

பிரிஸ்கனின் வகுப்பு ஏன் வெற்றி பெற்றது? எட்டு வயதுப் பையனுக்கு நேற்றுத்தான் 'பி'க்கும் 'டி'க்கும் குழப்பம் தீர்ந்தது. ஆறு வயதுப் பையன் எந்த இடத்தில் இடறுவான் என்பது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாற்பது வயது ஆசிரியருக்கு அது மறந்து முப்பத்தைந்து வருஷமாகிவிட்டது. இக்கேரிக் கோயில் வாசலில் அந்த நாலு சிறுவர்கள் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட இதுதான்.

உடம்பு சரியில்லாமல் பெல் 1796-இல் நல்ல செல்வத்துடன் தாய்நாட்டுக்குக் கிளம்பினார். அடுத்த ஆண்டு லண்டனில், சென்னை அநாதை விடுதியில் தாம் செய்த சோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். அதற்கு அடுத்த ஆண்டே ஜோஸப் லங்காஸ்டர் என்ற இருபது வயது வாலிபர் தென் லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அவரும் சட்டாம்பிள்ளைகளை வைத்தே நடத்தினார். இந்த முறைக்கு யார் தந்தை என்பதில் பெல் கட்சிக்கும் லங்காஸ்டர் கட்சிக்கும் பிறகு மூண்ட சண்டை இருக்கிறதே, அது பெரிய சண்டை. திருச்சபையும், கவிகளான ஸவுதியும் கோல்ரிட்ஜும் பெல் பக்கம். மற்றச் சமயப் பிரிவினர் லங்காஸ்டர் பக்கம். மணலைப் பரப்பிய திண்ணை வாத்தியாரோ, இந்த வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

லங்காஸ்டர் ஒரு விசித்திரப் பிறவி. குவேக்கர் சமயத்தவர், குழந்தைகளை அடிப்பது பாவம் என்று நினைப்பவர். ஆரம்பத்தில் பிள்ளைகளிடம் உயிராக இருந்தார். காற்றாடியும் பந்தும் பரிசாகக் கொடுத்தார். கூட்டம் பெருகப் பெருக, ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று பெருமை பேசத் தொடங்கினார். ஆயிரம் என்று வந்துவிட்டால் அப்புறம் அது பள்ளிக்கூடமா, பட்டாளமா? தொப்பியை முதுகில் தொங்கவிடுவதற்கு ஒரு கட்டளை, பலகையைத் தூக்கிக் காட்டுவதற்கு ஒரு கட்டளை என்று ஏற்பட்டன. அடிக்கக் கூடாது என்ற விரதம் மட்டும் நிலைத்தது. ஆகையால் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டினார். கால்களைப் பிணைத்தார். குற்றவாளியைக் கூடைக்குள் உட்காரவைத்து, எல்லோரும் பார்க்கும்படி உத்தரத்தில் தூக்கிக் கட்டினார். 1808-இல் கோல்ரிட்ஜ் ஒரு பிரசங்கத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பொறிந்து தள்ளினார். கோதண்டத்தைப் பார்த்து முகம் சுளித்த தேசத்தில், அதே உத்தரத்தில், அதே மாதிரிக் கயிற்றில், கூடை தொங்கியது!

பெல்லின் பள்ளிகளும் இந்த வழியிலேயே இறுகிப்போயின. 1811-இல் ஏற்பட்ட திருச்சபைக் கல்விச் சங்கம் நாடெங்கும் 'மதராஸ் முறை'ப் பள்ளிகளைத் திறந்தது. ஏழைக் குழந்தைகள் லட்சக்கணக்கில் எழுத்து வாசனை பெற்றார்கள். அந்தப் புண்ணியத்தை மறுக்க முடியாது. ஆனால் எழும்பூரில் ஒரு பையனிடம் வைத்த நம்பிக்கை, அங்கே சிக்கனம் என்ற பெயருக்கு மாறிவிட்டது. சட்டாம்பிள்ளை இருந்தால் வாத்தியார் சம்பளம் மிச்சம் என்பதுதான் பல கனவான்களுக்குப் பிடித்த அம்சம். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. பெல் அன்று குதிரையை நிறுத்திப் பார்த்தார். ஆனால் காது கொடுத்துக் கேட்டாரா? மணலைக் கொண்டுபோனார், சட்டாம்பிள்ளையைக் கொண்டுபோனார். பாட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெல் 1832-இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். தம் ஆஸ்தியில் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பவுன் கல்விக்கென்று எழுதிவைத்திருந்தார். அதில் ஒரு பகுதியைக்கொண்டு அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு 'மதராஸ் காலேஜ்' என்று பெயர். இங்கே 1996-இல் மதராஸ், சென்னை ஆகிவிட்டது. அங்கே ஸ்காத்லாந்துப் பிள்ளைகள் இன்னும் மதராஸுக்குத்தான் படிக்கப் போகிறார்கள். லங்காஸ்டரின் முடிவு பரிதாபமானது. கடன்பட்டு, சொந்தச் சங்கத்தாரோடு பிணங்கி, அமெரிக்கா போய், நாடு நாடாக அலைந்து, 1838-இல் நியூயார்க் தெருவில் வண்டி ஏறி இறந்தார்.

இதற்குப் பிறகு வந்தது இன்னும் மோசமானது. 1862-இல் இங்கிலாந்தில், பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்குத் தக்கபடி பள்ளிக்கு மானியம் என்று சட்டம் வந்தது. வாத்தியார் சோற்றில் குழந்தையின் மார்க்கு விழுந்த நாள் அது. பள்ளிப் பரிசோதகராக இருந்த கவி மாத்யூ ஆர்னால்டு, படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் உண்மையில் தெரியாத பிள்ளைகளையே சாமர்த்தியமாகத் தயார் செய்து தேறவைத்துவிட முடிகிறது என்று மனம் நொந்து எழுதினார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அதே மானிய முறை சென்னை ராஜதானிக்கும் கப்பலேறி வந்துவிட்டது. திண்ணை வாத்தியாரும் பரிசோதகரின் வருகையை எண்ணி நடுங்கத் தொடங்கினார். பிரம்பு ஏற்கனவே அவரிடம் இருந்தது. இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. பூவும் பட்சியும் மிருகமும் பரீட்சையில் கேட்கப்படுவதில்லை. ஆகவே அவை மெல்ல மறைந்தன.

மணல் மறுபடியும் வந்தது வேறொரு பாதையில். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டர் 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் திறந்தார். எழுத்து வடிவங்களை உப்புக் காகிதத்தில் வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். குழந்தை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். கண்ணுக்கு முன்னால் கைக்கு எழுத்துத் தெரிந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. உப்புக் காகிதம் என்பது என்ன? காகிதத்தில் ஒட்டிய மணல்தானே! அந்த அம்மையார் 1939 நவம்பரில், அறுபத்தொன்பதாவது வயதில், பிரம்மஞான சபையார் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். 1940-இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, இத்தாலியப் பிரஜை என்பதால் அவரை அடையாற்றை விட்டு வெளியே போகக் கூடாது என்று தடுத்தார்கள். மகனைச் சிறைமுகாமில் வைத்தார்கள். அவருடைய எழுபதாவது பிறந்த நாளுக்குப் பரிசாக மகனை விடுவித்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவர் யுத்தம் முடியும் வரையில் இந்தியாவிலேயே தங்கி, கோடைக்கானலில் பெரிய குழந்தைகளுக்கான முறைகளையும் வகுத்தார். ஒன்று குறை: அவருடைய அழகான மர உபகரணங்கள் விலை கூடியவை. வசதி உள்ள வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் அவை பெரும்பாலும் கிடைத்தன. ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறைக்கு அப்படி ஒரு தலையெழுத்து.

பாட்டும் வேறு வழியாக வந்தது. கவிமணியும், இந்தியன் வங்கியில் கணக்குப் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டிய அழ. வள்ளியப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி ராகத்தைக் கொண்டுவந்தார்கள். பசியோடிருக்கும் குழந்தைக்கு எந்தப் பாட்டும் ஏறாது என்று கண்டு, காமராஜர் ஆட்சியில் 1950-களில் மதியச் சோறு போடத் தொடங்கியது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம்.

பிறகு 2003-ஆம் ஆண்டில், அதே சென்னையில், மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு மாறுதல் நடந்தது. கமிஷனராக இருந்த விஜயகுமார், முன்பு வேலூரில் கலெக்டராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட குழந்தைகள் பள்ளியில் தரிக்காமல் ஓடுவதைப் பார்த்தவர். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுக் கிராமங்களுக்காக உண்டாக்கிய முறையை எடுத்துக்கொண்டு, 'செயல்வழிக் கற்றல்' என்று ஆரம்பித்தார். 2007-ஐ ஒட்டி அது தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 37 ஆயிரம் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பாடம் முழுவதும் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்தது. விலங்கு, பறவை, வண்டி என்று அட்டைகளுக்குப் படங்கள் அடையாளம். சுவரில் ஏணிபோல் வரைந்த படத்தைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே கண்டுகொண்டு, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து வரும். ஒரு நாள் வராமல் போனால், விட்ட படியிலிருந்து தொடரலாம். பெரிய குழந்தை சின்னக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார்.

எல்லா இடத்திலும் அது நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கொத்து ஆசிரியர்களுக்கு அது பிடித்தது. மற்றவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. நாலு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்ததால் எதுவும் ஓடவில்லை என்று பல ஆசிரியர்கள் முறையிட்டார்கள். பெற்றோர்களுக்கோ வேறு குறை. பையன் வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை, பள்ளிக்கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறானாம், மாதா மாதம் பணம் கட்டினாலும் பரவாயில்லை, கழுத்துப்பட்டை கட்டும் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். அந்த முறை பலவிதமாகத் திருத்தப்பட்டது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்று இன்னொன்று தொடங்கியது. அதிலும் பாட்டு உண்டு, பொம்மை உண்டு, அட்டை உண்டு.

செயல்வழிக் கற்றல் வந்த வகுப்பறைகளில் ஓர் அடையாளம் மட்டும் தங்கியது. ஆசிரியர் எழுதும் கரும்பலகை ஆளுயரத்தில் இருக்கும் அல்லவா? அதற்குக் கீழே, சுவரைச் சுற்றி, தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரு குழந்தையின் பெயர். அந்தக் கட்டம் அந்தக் குழந்தைக்குச் சொந்தம். சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே அதில் எழுதும். தப்பாகிவிட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்க்கும்.